நொதிகலனுக்கான வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி: பெட்டி நன்று, கம்பி வம்பு

வீட்டில் பீர் நொதிக்க வைப்பதற்காக ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியோடு இணைத்து, நான்கு மாதங்களாக இந்தக் கருவியைப் பயன்படுத்தி வருகிறேன். 19 டிகிரி என்று வைத்தால் அரை டிகிரிக்கு மேல் விலகுவதில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. கம்ப்ரசர் நிற்கும்போது ரிலே (கம்ப்ரசருக்குப் போகும் மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் விடும் சுவிட்ச்) 'டிக்' என்ற மறுகணமே திரையில் 85 டிகிரி தோன்றும். கலன் ஒன்றும் கொதிக்கவில்லை. வெப்பநிலையை அளக்கும் டிஎஸ்18பி20 சென்சார், மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் உயிர்பெறும்போது, முதல் அளவீடு முடியும்வரை காட்டும் தொடக்க மதிப்பு அது. மோட்டார் சுருளில் மின்னோட்டம் அறுபடும்போது எழும் மின்னழுத்தத் துள்ளல், மின்கம்பியோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்த சென்சார் கம்பிக்குள் புகுந்து இந்த வேலையைச் செய்திருக்கிறது.

கம்பிகளைப் பிரித்து விலக்கியதும் பாதித் தொல்லை தீர்ந்தது. ரிலே முனைகளுக்குக் குறுக்கே, 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகை (வீட்டு மின்சாரத்தில் பயன்படுத்தத் தக்க பாதுகாப்பு வகை) மின்தேக்கியும் தொடராக இணைந்த ஸ்னப்பரை, அதாவது துள்ளலை அடக்கும் சிறு சுற்றைப் பொருத்தியபின் மீதியும் நின்றது. (பிளக்கைக் கழற்றாமல் கருவியின் பெட்டியைத் திறக்கவே கூடாது.) இவ்வளவு சிறிய பாகத்தைத் தயாரிப்பாளரே உள்ளே வைத்திருக்கலாம், கையேட்டில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் மனக்குறை. சாலிடரிங் பழகியவர்கள் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் கவசமிட்ட சென்சார் கம்பியோடு வரும் வேறொன்றைப் பார்ப்பது நல்லது.