'15 கிலோமீட்டர்' என்று சொல்லி விற்கப்பட்ட லோரா கருவி: பணம் கட்டும் முன் ஆன்டெனாவின் முனையைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து 1.8 கிலோமீட்டர் தள்ளி, செம்பனைத் தோட்டத்துக்கு அப்பால் எங்கள் காய்கறித் தோட்டம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி வற்றியது தெரியாமல் ஒருமுறை பம்பு காய்ந்து ஓடி எரிந்துவிட்டதால், நீர்மட்டத்தை வீட்டிலிருந்தே அறிய லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் சிறு தகவல்களை அனுப்பும் வானொலி முறை) கருவி ஒன்றை 1,450 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். '15 கிலோமீட்டர் நிச்சயம்' என்றார் விற்றவர். எனக்குக் கிடைத்ததோ 300 மீட்டர்தான்.

புகார் சொன்னபோது, செம்பனை மரங்கள்தான் சிக்னலைத் தின்கின்றன என்று கூறி, 280 வெள்ளிக்குப் 'பெரிய ஆன்டெனா' ஒன்றையும் என் தலையில் கட்டினார். அதனாலும் ஒரு மாற்றமும் இல்லை. திருப்பித் தரப் போனபோது, திறந்த பொருளை வாங்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார். மரங்களைப் பற்றி அவர் சொன்னது பொய்யல்ல, அதனால்தான் நானும் ஏமாந்தேன்.

வானொலி ஆர்வலரான நண்பர் ஒருவர் ஆன்டெனாவைக் கழற்றி, விளக்கருகே பிடித்துக் காட்டினார். கருவியின் முனையில் நடுவே துளை. ஆன்டெனாவின் முனையிலும் நடுவே துளை. மரைகள் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன, ஆனால் இரண்டு துளைகளுக்கும் இடையே ஊசி என்ற ஒன்றே இல்லை. அது வைஃபை கருவிகளுக்கான, 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா. அவற்றில் பலவும் ஊசி இடம் மாறிய ஆர்பி-எஸ்எம்ஏ முனையோடுதான் வருகின்றன. லோரா இங்கு இயங்குவது 919 முதல் 924 மெகாஹெர்ட்ஸ் வரை. சரியான ஆன்டெனா பொருந்தாமல் தொடர்ந்து ஒலிபரப்பினால் உள்ளிருக்கும் மின்பெருக்கியே கெட்டுவிடக்கூடும் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது.

இன்னொன்றும் இருந்தது. வீட்டுக் கூரையிலிருந்து, கீழே உள்ள, தகவலைப் பெறும் பெட்டிக்கு விற்பனையாளர் இழுத்திருந்த மெல்லிய ஆர்ஜி174 கேபிள் 10 மீட்டர் நீளம். இந்த அலைவரிசையில் அது ஏறத்தாழ 10 டெசிபலை விழுங்குவதால், மேலே வந்து சேரும் சிக்னலில் பத்தில் ஒரு பங்குதான் கீழே இறங்கியிருக்கும்.

பெட்டியையே கம்பத்தின் உச்சிக்கு ஏற்றி, ஒரு சாண் கேபிளில் 920 மெகாஹெர்ட்ஸுக்குரிய 35 வெள்ளி ஆன்டெனாவைப் பொருத்தினோம். இவ்வளவு தூரத்துக்கு நடுவழியில், இரண்டு ஆன்டெனாக்களையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி 12 மீட்டர் ஆரத்துக்கு வெளி இருப்பது நல்லது, அதில் 60 விழுக்காடாவது திறந்திருக்க வேண்டும். வளர்ந்த செம்பனைகளுக்கு நடுவே அது முழுமையாகக் கிடைக்காது. ஆகவே பரவல் எண்ணை (spreading factor, தகவலை எவ்வளவு நிதானமாக நீட்டி அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் லோரா அமைப்பு) 7இலிருந்து 10க்கு உயர்த்தினோம். ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 2.5 டெசிபல் கூடுதல் செவித்திறன் தரும், பதிலுக்கு ஒலிபரப்பு நேரத்தை ஏறத்தாழ இரட்டிக்கும். கால் மணிக்கு ஒருமுறை நீர்மட்டம் அனுப்பும் கருவிக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

இப்போது அடைமழையிலும் தகவல் வருகிறது. அந்த 280 வெள்ளி ஆன்டெனாவை விற்றவரிடம் மீண்டும் கொண்டுபோய், இரண்டு துளைகளையும் எதிரெதிரே வைத்துக் காட்டினேன். 'எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்' என்றார்.