சென்னையில் கோவொர்க்கிங்: மாச பிளானை டே பாஸால் வகுத்துப் பாருங்கள்

டிசம்பரில் ஊருக்கு வந்தாலும் எனக்கு முழு லீவு கிடையாது. பாதி நாட்கள் இங்கிருந்தே லண்டன் ஆபீஸ் வேலையைப் பார்ப்பேன் என்று சொன்ன பிறகுதான் மேனேஜர் சரி என்றார். தங்கியிருப்பது பெரம்பூரில் அக்கா வீட்டில், இரண்டு பிள்ளைகள், வருவதும் போவதுமாக உறவுக்காரர்கள், ஹாலில் டிவி என்று மீட்டிங்கில் மைக்கை ஆன் பண்ணவே பயம். அதனால் கோவொர்க்கிங் இடம், அதாவது நாள் கணக்கிலோ மாசக் கணக்கிலோ காசு கட்டி உட்கார்ந்து வேலை பார்க்கும் பொது ஆபீஸ், தேடிக் கிளம்பினேன். சோபா, காபி மெஷின் பற்றியெல்லாம் அவர்களே வேண்டிய அளவு போட்டோ போட்டிருக்கிறார்கள், நான் விலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அண்ணா நகரில் ஒரு தனியார் இடம். டே பாஸ் 500 ரூபாய் என்று போட்டிருந்தார்கள், பில் வந்தபோது 590. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. பத்து நாள் பேக் 4,500, மாச பிளான் 6,000, இரண்டுக்கும் வரி சேர்க்கவில்லை. இதை ஒரு நிமிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் கடைக்காரர் மனசு தெரிந்துவிடும். 6,000-ஐ 500-ஆல் வகுத்தால் 12. அதாவது பன்னிரண்டு நாள் வந்தாலே மாச பிளானும் டே பாஸும் ஒரே செலவு. பத்து நாள் பேக்கில் நாளைக்கு மிச்சம் வெறும் 50 ரூபாய், அதற்கும் முப்பது நாளில் காலாவதி. இன்னும் 1,500 போட்டால் மாசம் முழுக்க வரலாமே என்று நம்மை யோசிக்க வைப்பதற்காகவே அந்த பேக்கை நடுவில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, மாச பிளானே போட்டுவிடலாம் என்றால் ஒரு மாச டெபாசிட், முப்பது நாள் நோட்டீஸ். ஒரு மாசம் மட்டும் இருந்துவிட்டுப் போகிறவன் சேர்ந்த அன்றைக்கே நோட்டீஸும் கொடுக்க வேண்டும்! டெபாசிட் திரும்பி வர நாற்பத்தைந்து நாள், அதுவும் இந்திய வங்கிக் கணக்குக்குத்தான். என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் வங்கிக் கணக்கு) இல்லாதவர்கள் அக்கா, தம்பி கணக்கைக் கொடுத்துவிட்டுப் பிளேன் ஏற வேண்டியதுதான்.

நேரம்தான் எனக்குப் பெரிய தலைவலி. குளிர்காலத்தில் லண்டனில் காலை 9 மணி என்றால் இங்கே மதியம் இரண்டரை, அங்கே ஐந்தரைக்கு முடித்தால் இங்கே இரவு 11. இந்த இடத்தில் டே பாஸ் காலை 9 முதல் மாலை 7 வரை. முழு நாளுக்குக் காசு கொடுத்து நான் உட்காருவது நாலரை மணி நேரம், அதற்குப் பிறகு மொட்டை மாடியில் லேப்டாப்பும் கொசுவும். ஆஃப் டே பாஸ் உண்டா என்று ரிசப்ஷனில் கேட்டேன்.

"இருக்கு சார், மார்னிங் ஸ்லாட்டுக்கு மட்டும்."

"மதியத்துக்கு?"

"மதியம் வந்தா ஃபுல் டே சார்."

அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இரவுக்குத் தனியாகக் காசு கேட்டால் அதில் எனக்கு வருத்தமே இல்லை, செக்யூரிட்டி ஒருவர் இருக்க வேண்டும், ஏசி ஓட வேண்டும். மதியம் காலியாகக் கிடக்கும் நாற்காலிக்கு முழு விலை கேட்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே, கொளத்தூரில், 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது. அரசு இடம். அரை நாள் 50 ரூபாய், முழு நாள் 100, மாசம் 2,500. அரசு பணம் போட்டு நடத்துவதால் தொகையைத் தனியாரோடு ஒப்பிடுவது நியாயமில்லை, ஆனால் விகிதத்தைப் பாருங்கள். பாதி நாளுக்குச் சரியாகப் பாதி விலை. மாசக் கட்டணம் இருபத்தைந்து நாள் விலைக்குச் சமம், அதனால் எப்போதாவது வருகிறவரும் ஏமாந்த மாதிரி உணர மாட்டார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனி இடம் இருக்கிறது. வேலை செய்கிற இருக்கைகள் கொஞ்சம்தான், முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

என்னைப் போன்றவர்களுக்குத் தேவை மணிக்கணக்கு பேக்தான். நாற்பது மணி நேரம், இரண்டு மாசம் செல்லுபடி, எந்த நேரத்தில் வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளலாம். டிசம்பர், ஜனவரியில் ஊருக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால் நான் பார்த்த இடங்களில் இது இல்லாதது ஆச்சரியம்தான்.

கடைசியில் அண்ணா நகர் மேனேஜரிடமே நேரில் பேசினேன். காலியான சீட், மதியம் இரண்டு முதல் செக்யூரிட்டி ஷட்டர் இறக்கும் பத்தரை வரை, 300 ரூபாயும் ஜிஎஸ்டியும். உடனே ஒத்துக்கொண்டார், கடைசி அரை மணி நேரத்தை அக்கா வீட்டில் ஓட்டிக்கொள்கிறேன். போர்டில் இல்லாத பிளான் என்பதால் பில்லில் ‘இதர வகை’ என்று போட்டுத் தருகிறார்கள். நீங்களும் கேட்டுப் பாருங்கள், ஆன்லைனில் கட்டுவதற்கு முன்னால்.