வாரண்டியா, சிப் லெவல் சர்வீஸா, புதுசா: டெஸ்க்டாப்பில் எந்தப் பாகத்துக்கு எது?

டெஸ்க்டாப் படுத்துவிட்டால் வாரண்டியில் கொடுத்து மாற்றுப் பாகம் வாங்கலாம், போர்டிலுள்ள சிறு சிறு பாகங்களையே மாற்றிச் சரிசெய்யும் சிப் லெவல் சர்வீஸ் கடையில் கொடுக்கலாம், இல்லையென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி ஓர் இடத்தில் வேறொன்றை வாங்கி மாட்டலாம். இதில் எது நல்லது என்பது போன பாகத்தைப் பொறுத்தது.

பிராசஸர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாரண்டிதான், அதைக் கடையில் யாராலும் சரிசெய்ய முடியாது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில் வோல்டேஜ் அதிகமாகப் போய் சிப் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும் பிரச்சினை 2024இல் பெரிதாக வெளியே வந்தது. கேம் பாதியில் மூடிக்கொள்ளும், வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை காட்டும், அதைப் பார்த்து நல்லா இருக்கிற கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டவர்கள் ஏராளம். இன்டெல் மைக்ரோகோடு (பிராசஸரின் உள் நிரல்) திருத்தம் கொடுத்தது, ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அது மீட்காது. அதனால் பெட்டியோடு விற்ற, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு 3 ஆண்டாக இருந்த வாரண்டியை 5 ஆண்டாக்கினார்கள். இது தெரியாமல் கைக்காசு போட்டுப் புதிது வாங்காதீர்கள். பெட்டியில்லாத டிரே பிராசஸர் என்றால் இன்டெலிடம் போகாமல் விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். மாற்று சிப் வந்ததும் முதல் வேலையாக பயாஸ் (போர்டிலிருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட், அந்தத் திருத்தம் அதில்தான் வரும்.

ரேமுக்கும் வாரண்டியே, கோர்சேர், கிங்ஸ்டன் போன்றவற்றின் பல ரேம்களுக்கு ஆயுள்கால வாரண்டி உண்டு. ஜோடியாக வாங்கியதில் ஒன்று போனாலும் பெரும்பாலும் இரண்டையும் கேட்பார்கள், அதுவரை ஓட்ட ஒரு பழைய ஸ்டிக் வாங்கிக்கொள்ளுங்கள்.

மதர்போர்டில்தான் சர்வீஸ் கடைக்கு உண்மையான மதிப்பு. வாரண்டி முடிந்த போர்டில் மாஸ்பெட், கெபாசிட்டர் மாதிரி மின்சாரத்தைச் சீராக்கும் சிறு பாகங்கள் போயிருந்தாலோ பயாஸ் சிப் கெட்டிருந்தாலோ கைதேர்ந்தவர் சரிசெய்துவிடுவார், புது போர்டுக்காக ரேம், பிராசஸர் எல்லாம் மாற்ற வேண்டிய செலவு மிச்சம். ஆனால் வாரண்டி இருக்கும்போது சால்டரிங் அயர்ன் பட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டது. பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பின் வளைந்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் கொடுக்கும் முன் சாக்கெட்டை நெருக்கமாகப் படமெடுத்து, சீரியல் நம்பரும் பில்லும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் போர்டு மாறியதும் ரெக்கவரி கீ கேட்கும், அது கையில் இருக்கட்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் நான் வாரண்டியைக் கடைசியில்தான் வைப்பேன். பதிலுக்கு வருவது பல நேரம் ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிசெய்தது, அதோடு பழைய டிஸ்க்கைக் கொடுத்தால் அதிலிருக்கும் குடும்பப் படங்களும் கணக்கும் அதோடு போய்விடும். பேக்கப் இல்லையா, முதலில் டேட்டாவை எடுங்கள், வாரண்டி போனாலும் பரவாயில்லை.

பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பழுது பார்த்து ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அது மறுபடி கெட்டால் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம், வாரண்டி இல்லையென்றால் புதிதாகவே வாங்குங்கள். வாரண்டியில் மாற்றும்போது அதே மாடல் ஸ்டாக் இல்லாமல் வேறு மாடல் வரக்கூடும். அது மாடுலர் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) என்றால், ஏற்கெனவே கேபினெட்டில் அழகாகக் கட்டி வைத்த கேபிள்களை அப்படியே புதியதில் செருகிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் அமைப்பு மாடலுக்கு மாடல் மாறும், கேபிள் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க் எரிந்துவிடலாம். பெட்டியில் வந்த கேபிளை மட்டும் மாட்டுங்கள்.