2,400 ரூபாய் போர்ஷே செட்டப்: பெயர் மூன்று, கோப்பு ஒன்று

அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே என்ற கார் பந்தயக் கணினி விளையாட்டில் புதிதாக போர்ஷே 911 ஜிடி3 ஆர் பந்தயக் காரை ஓட்டிப் பழகுகிறவரா நீங்கள்? டெலிகிராமில் ‘புரோ செட்டப் பேக்’, அதாவது டயர் அழுத்தம், விங், உயரம் என்று வண்டியின் அமைப்புகளைச் சேமித்த கோப்புகள், விற்கிறவரிடம் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டிவிட்டுத் தலையில் கைவைத்தவன்.

2025 ஜனவரியில் அஜித் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு போர்ஷேவோடு போனார் இல்லையா, அந்தச் சூட்டில் ஆரம்பித்தவன்தான் நானும். மேஜை விளிம்பில் மாட்டுகிற பழைய ஸ்டீயரிங் வீல், அதோடு வந்த பெடல், அவ்வளவுதான் என் சாமான். வண்டியோ அடங்கவில்லை. 911-க்கு என்ஜின் பின் அச்சையும் தாண்டி உட்கார்ந்திருக்கிறது. வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாயும், பின் டயர் பிடியை விடும், வால் சுழன்று முன்னால் வந்து நிற்கும். பத்து லாப்பில் (தடத்தை ஒருமுறை சுற்றினால் ஒரு லாப்) ஏழெட்டு முறை இதுதான் நடந்தது.

அப்போது கண்ணில் பட்டவர்தான் இந்த ஆள். மொன்சா, ஸ்பா, ஹங்கரோரிங் என்ற மூன்று பந்தயத் தடங்களுக்கும் தனித்தனி செட்டப், லாப்புக்கு இரண்டு வினாடி குறையும், கூடவே ஒரு மணி நேரம் கோச்சிங் என்றார். பணம் ஜிபேயில், ஒரு தனி ஆளின் எண்ணுக்கு. பில் கேட்டேன், “இதுக்கெல்லாம் எதுக்கு ப்ரோ பில்லு?” என்றார். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

ஸ்பாவில் முதல் லாப் பரவாயில்லை. மூன்றாவது லாப்பில் வண்டி சோப்புத் தண்ணீரில் போவதுபோல் வழுக்கியது. திரையில் டயர் அழுத்தத்தைப் பார்த்தேன், பின் டயர்கள் 28.4 பிஎஸ்ஐ. 2023-இல் வந்த 1.9 பதிப்பிலிருந்து காய்ந்த தரை டயருக்கு இந்த விளையாட்டில் 26 முதல் 27 வரைதான் சரி. அதற்கு முந்தைய பதிப்புகளில்தான் இருபத்தேழரை வாக்கில் வைப்பார்கள். ஆக, எனக்கு வந்தது பழைய சரக்கு.

சொன்னேன். பதில் உடனே வந்தது: “செட்டப் பக்கா ப்ரோ. உங்க வீல்தான் பிரச்சினை. டைரக்ட் டிரைவ் வாங்குங்க, பிரேக்குக்கு லோட் செல் போடுங்க, அப்புறம் பேசலாம்.” டைரக்ட் டிரைவ் என்றால் மோட்டாரோடு நேராக இணைந்த வீல், லோட் செல் என்றால் மிதிக்கும் விசையை அளக்கும் பெடல், இரண்டுமே விலை கூடியவை. கோச்சிங் இருபது நிமிடம் நடந்தது. அவர் ஓட்டிய பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினார், பிறகு நெட் போய்விட்டது என்றார். அந்த நெட் இன்றுவரை வரவில்லை.

செட்டப் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறக்கலாம். டாக்குமெண்ட்ஸ் உள்ளே விளையாட்டின் பெயரில் இருக்கும் ஃபோல்டரில், செட்டப்ஸ் என்பதற்குள், வண்டிவாரியாக, தடம்வாரியாகப் பிரித்து வைத்திருக்கும். எண்கள் பெரும்பாலும் எத்தனை கிளிக், அதாவது எத்தனை படி, என்ற கணக்கில் இருக்கும், அதனால் முதலில் தலைசுற்றும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காற்றழுத்தம், ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி), தரையிலிருந்து உயரம், ரியர் விங் (காற்றால் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்தும் இறக்கை), ஒரு எண்கூட மாறவில்லை. கோப்பின் பெயர் மட்டும் வேறு. மொன்சா நீண்ட நேர்ப்பாதைகள் உள்ள தடம், அங்கே விங்கைக் குறைப்பதில் அர்த்தம் உண்டு. வளைவுக்கு மேல் வளைவாக வரும் ஹங்கரோரிங்கிலும் அதே விங்கா? பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்க எதுவுமே இருக்காதே!

அப்புறம் விளையாட்டோடு இலவசமாக வரும் ‘அக்ரசிவ்’ செட்டப்பைச் சேமித்து, அதையும் திறந்து பார்த்தேன். இந்த ஆள் கை வைத்தது மூன்றே இடம்: அழுத்தத்தை ஏற்றியிருக்கிறார், விங்கை இறக்கியிருக்கிறார், பின்பக்க உயரத்தைக் கூட்டியிருக்கிறார். பின்னால் தூக்கினால் காற்றின் அழுத்தம் முன்பக்கம் நகர்ந்து வால் இன்னும் லேசாகும். ஏற்கெனவே சுற்றுகிற வண்டியை நன்றாகவே சுற்றிவிட்டிருக்கிறார்.

சரி என்று அந்த இலவச ‘அக்ரசிவ்’வையே ஏற்றி, மூன்றாவது லாப்பில் நாலு டயரும் 26.5-க்கு அருகில் வரும்வரை அழுத்தத்தைக் குறைத்தேன். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பிஎஸ்ஐ ஏறும், அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். பின் உயரத்தில் இரண்டு கிளிக் இறக்கினேன், டிராக்‌ஷன் கண்ட்ரோலை (ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது டயர் வழுக்காமல் தடுக்கும் உதவி) ஒரு படி ஏற்றினேன். பத்து லாப், ஒரு ஸ்பின்கூட இல்லை. நேரம் ஒன்றரை வினாடி குறைந்தது. அதில் பாதி, சுவரில் போய் முட்டாததால் குறைந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்ட அன்றே என்னை பிளாக் செய்துவிட்டார். நண்பனின் போனில் பார்த்தால் அந்தக் குழு இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. முகப்பில் அதே மஞ்சள் போர்ஷே படம், விலை மட்டும் 2,999.