கழன்றுகொண்டே இருக்கும் ஒரு ஸ்க்ரூ: ஆறு ஆண்டுகளாக என் இடுப்பில் இருக்கும் ஹோல்ஸ்டரும் மேகசின் பவுச்சுகளும்

காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர், ஓசூர் டூல்ரூமில் என்னோடு நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர், போன மாதம் தாய்லாந்தின் ரயோங் ஆலைக்கு மாற்றலாகிப் போனார். போன மூன்றாவது வாரமே செய்தி வந்தது: "அண்ணா, இங்க ஷூட்டிங் கிளப்ல சேர்ந்துட்டேன். ஹோல்ஸ்டர், பவுச்செல்லாம் எது வாங்கறது? நீங்க வெச்சிருக்கறதையே வாங்கிடட்டுமா?" ஹோல்ஸ்டர் என்பது இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை; பவுச் என்பது தோட்டாக்களை அடுக்கிய மேகசினைச் செருகி வைக்கும் சிறு உறை. இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்த நான், இரண்டாவது வரியிலேயே பவுச்சின் ஸ்க்ரூவைத் திட்டத் தொடங்கிவிட்டேன். அதனால் அந்தப் பதிலை அனுப்பாமல், கோபம் ஆறிய பிறகு இதை எழுதுகிறேன்.

நான் 2018 முதல் 2023 வரை ரயோங்கில் இருந்தேன். இப்போது வீடு கிருஷ்ணகிரியில், வேலை ஓசூரில், டை எனப்படும் ஆலை அச்சுகளின் டிரையல் இருந்தால் ஆண்டுக்கு இரண்டு முறை அங்கே பயணம். 2019இல் தொடங்கிய பிராக்டிகல் ஷூட்டிங்கை, அதாவது ஐ.பி.எஸ்.சி. என்னும் சர்வதேச அமைப்பின் விதிப்படி, துப்பாக்கியை இடுப்பு உறையிலிருந்து உருவி, இடம் மாறி ஓடி இலக்குகளைச் சுடும் விளையாட்டை, அந்தப் பயணங்களில் இன்றும் விடாமல் செய்கிறேன். துப்பாக்கி கிளப்புடையது, தோட்டாவும் அங்கேயே வாங்கி அங்கேயே தீர்ப்பது. என் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பெல்ட்டும் ஒரு ஹோல்ஸ்டரும் நான்கு பவுச்சும்தான் உண்டு. இங்கே நம் ஊரில் அவற்றுக்கு வேலையே இல்லை. அங்கே நாங்கள் சுடும் 9 மி.மீ. துப்பாக்கி நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் கையை 45 பாகை தாழ்த்தி நின்று தொடங்குவார்களே தவிர, உறையிலிருந்து உருவும் வழக்கம் கிடையாது. ஆகவே வீட்டில் நான் செய்வதெல்லாம், கதவைச் சாத்திக்கொண்டு, டூல்ரூமில் மில்லிங் செய்து எடுத்த வெள்ளை நைலான் கட்டைகளை மேகசினாகப் பாவித்து, பவுச்சிலிருந்து எடுக்கும் பயிற்சி மட்டும்தான். கட்டை தரையில் விழும் ஒவ்வொரு முறையும் கீழ்வீட்டு அத்தை, உரலைக் கவிழ்த்துவிட்டேனா என்று கேட்பார்.

முதலில் ஹோல்ஸ்டர். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் குறையே இல்லை. கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, துப்பாக்கியின் வடிவத்திலேயே அழுத்தி எடுத்தது. உள்ளே தள்ளும்போது டிரிகர் கார்டு, அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையம், உட்காரும் இடத்தில் 'டக்' என்று ஓர் ஒலி வரும்; அந்த ஒலி வந்தால் துப்பாக்கி பிடிபட்டது, வராவிட்டால் பிடிபடவில்லை, இடையில் சந்தேகத்துக்கு இடமில்லை. தோலில் செய்து கொள்ளலாமே, பக்கத்து ஆம்பூரில் இல்லாத தோலா என்று ஆரம்பத்தில் எனக்கும் ஓர் ஆசை இருந்தது. ஆனால் வியர்வை குடித்த தோல் நாளடைவில் தளர்ந்து, துப்பாக்கியை உருவியதும் உறையின் வாய் மூடிக்கொள்ளும். ஸ்டேஜ் எனப்படும் போட்டியின் ஒரு கட்டம் முடிந்து, நடுவரான ரேஞ்ச் ஆபீசர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காலியான துப்பாக்கியைத் திரும்ப வைக்க இடது கையால் அந்த வாயைத் திறந்து பிடிக்க வேண்டியிருந்தால், குழல் முனை உங்கள் கையையே பார்க்கும். கைடெக்ஸின் வாய் ஆறு ஆண்டானாலும் திறந்தே இருக்கிறது. அதற்கு ஒரே எதிரி, வெயிலில் மூடி நிறுத்திய கார். கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகாமல் இருந்தால் போதும்.

விதிகளும் இதில் அதிகம் குழப்புவதில்லை. டிரிகரை முழுக்க மறைக்க வேண்டும்; தளர்ந்து நிற்கும்போது குழல் முனை பாதத்திலிருந்து 1 மீட்டருக்கு அப்பால் காட்டக் கூடாது; தோளில் மாட்டுவதும் தொடையில் கட்டுவதும் ஆகாது. நாம் சுடுகிற, ஆலையிலிருந்து வந்தபடியே அதிகம் மாற்றாத துப்பாக்கிகளுக்கான புரொடக்‌ஷன் பிரிவில் ஹோல்ஸ்டரும் பவுச்சுகளும் இடுப்பெலும்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். உடம்பிலிருந்து 50 மி.மீ.க்கு மேல் தள்ளி நிற்கக் கூடாது. ஊர் திரும்பிய பிறகு களியும் கறிக்குழம்பும் என் இடுப்பை இரண்டு அங்குலம் வளர்த்துவிட்டதில், அந்த 50 மி.மீ. எங்கிருந்து எங்கே என்பதை நான் ஒவ்வொரு பயணத்திலும் புதிதாக அளக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

இவ்வளவு புகழ்ந்த ஹோல்ஸ்டரைத் தம்பிக்கு நான் பரிந்துரைக்கவில்லை. கைடெக்ஸ் ஹோல்ஸ்டர் ஒரு துப்பாக்கிக்கு வாழ்க்கைப்பட்டது. 2019இல் கிளப்பில் வாடகைக்குத் தந்தது குளோக் 17; நானும் அதற்கென்று வாங்கினேன். 2021இல் கிளப் சி.இசட். ஷேடோ 2க்கு மாறியது. கனமான இரும்புத் துப்பாக்கி, முன்பக்க அமைப்பே வேறு. என் ஹோல்ஸ்டருக்குள் பாதிகூட இறங்கவில்லை. புத்தம் புதிது போல் இருந்த உறை ஒரே நாளில் வெறும் பிளாஸ்டிக் ஆனது. இன்றும் அது எங்கள் வீட்டு அலமாரியில் மின்சார பில்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது இடுப்பில் இருப்பது இரண்டாவது. சொந்தத் துப்பாக்கி இல்லாதவர், முதல் ஓர் ஆண்டு கிளப் இரவல் தரும் ஹோல்ஸ்டரிலேயே ஓட்டுவது நல்லது.

இனி பவுச்சுகள். எத்தனை வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். புரொடக்‌ஷனில் ஒரு மேகசினில் 15 தோட்டா. நீள ஸ்டேஜில் 32 தோட்டா வரை சுட வேண்டியிருக்கும். இரண்டு மேகசின் போதாது, மூன்றாவது கட்டாயம்; தவறிய குண்டுகளை ஈடுகட்டவும், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓடும்போதே பாதி தீர்ந்ததை மாற்றிவிடவும் நான்காவதும் ஐந்தாவதும் உதவும். துப்பாக்கியில் ஒன்று போக, இடுப்பில் நான்கு. தோட்டா முனைகள் வயிற்றுப் பக்கம் பார்க்க, ஆள்காட்டி விரல் மேகசினின் முன்விளிம்பில் நீண்டு படுக்கும்படி பவுச்சைச் சற்றுச் சாய்த்து மாட்டினால் கை தானாகவே சரியான இடத்தில் விழும். என்னுடைய நான்காவது பவுச் ஏறக்குறைய முதுகில் இருக்கிறது. அதை எடுக்கும்போது அரிப்புக்குச் சொறிகிறேன் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

ஒவ்வொரு பவுச்சிலும் மூன்று ஸ்க்ரூக்கள். இரண்டு பெல்ட் கிளிப்புக்கு. அவை ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அசையவில்லை. மூன்றாவது, பவுச்சின் பக்கச் சுவர்களை இறுக்கி மேகசினைப் பிடித்துக்கொள்ளும் டென்ஷன் ஸ்க்ரூ. எல்லாத் துன்பமும் அதனால்தான். இறுக்கமாக வைத்தால் மேகசினோடு பெல்ட்டே மேலெழும்பும். தளர வைத்தால் ஓடும்போது மேகசின் குதித்து வெளியேறும். இரண்டுக்கும் நடுவே சரியான இடம் கால் சுற்று அகலம்தான். அந்த இடத்தில் வைத்துவிட்டு ஐம்பது முறை உருவிச் செருகினால், ஸ்க்ரூ சத்தமில்லாமல் அரைச் சுற்று பின்வாங்கியிருக்கும்.

2022இன் தொடக்கத்தில் ஒரு கிளப் போட்டி. நீள ஸ்டேஜ், பதினாறு இலக்கு அட்டைகள், மொத்தம் 160 புள்ளிகள். இரண்டாவது நிலையிலிருந்து மூன்றாவதற்கு ஓடுகையில் முதல் பவுச்சின் மேகசின் மண்ணில் விழுந்தது. மேகசின் விழுந்தால் தகுதிநீக்கம் கிடையாது. துப்பாக்கி விழுந்தால்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் எடுத்துவிடலாம் என்று குனிந்தேன். குனிந்த உடம்போடு வலது கையும் திரும்பியது எனக்குத் தெரியவில்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து ரேஞ்ச் ஆபீசர் "மசில்!" (குழல் முனை!) என்று உரக்க எச்சரித்தார். சுடும் திசையிலிருந்து குழல் முனை விலகலாம் என்ற 90 பாகை எல்லையைத் தாண்டவில்லை, தாண்டப் போனது. அப்படியே நிமிர்ந்து, அடுத்த பவுச்சிலிருந்து எடுத்து முடித்தேன். 150 புள்ளி, 29 விநாடி. இந்த விளையாட்டில் புள்ளியை நேரத்தால் வகுத்துத்தான் மதிப்பு: 25 விநாடியில் முடிந்திருந்தால் 6.00 வந்திருக்கும், வந்தது 5.17. போன 0.83இல் எவ்வளவு என் அவசரம், எவ்வளவு அந்த ஸ்க்ரூ என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை முழுவதையும் ஸ்க்ரூவின் தலையில்தான் போட்டேன்.

மறுநாள் நான் செய்ததற்கு ஸ்க்ரூவைக் குறை சொல்ல முடியாது. இருபது ஆண்டு டூல்ரூம் அனுபவம் உள்ளவன் என்ற மிதப்பில், மரை கழலாமல் இருக்க இரும்பு ஸ்க்ரூக்களுக்குப் போடும் நீலப் பசையை நான்கு பவுச்சுக்கும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். அந்தப் பசை இரும்புக்கு உரியது. சில வகைப் பிளாஸ்டிக்கில் பட்டால், ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் இடங்களில் விரிசல் விடச் செய்யும். இது எனக்குத் தெரியாத செய்தியுமல்ல. பிளாஸ்டிக் கவர் உள்ள இயந்திரங்களில் பயிற்சிப் பையன்கள் அதைப் போடப் போனால் அதட்டுகிறவனே நான்தான். நான்காம் நாள் ஒரு பவுச்சின் ஸ்க்ரூ துளையைச் சுற்றிச் சிலந்தி வலை போல மயிரிழை விரிசல்கள். ஐந்தாம் நாள் விரலால் அழுத்தியதும் துண்டாக வந்துவிட்டது. மற்ற மூன்றையும் சோப்பு நீரில் கழுவிக் காப்பாற்றினேன். என் பெல்ட்டில் மூன்று பவுச் கறுப்பாகவும் ஒன்று சிவப்பாகவும் இருப்பதற்குக் காரணம் அதுதான். ஸ்டைலுக்காக என்று இதுவரை கேட்டவர்களிடம் சொல்லிவந்தேன்.

அதே ஆண்டின் இறுதியில் பட்டாயாவில் உலகப் போட்டி நடந்தது. 2020இல் நடக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போனது. ரயோங்கிலிருந்து பக்கம்தான் என்பதால் இரண்டு நாள் பார்வையாளனாகப் போனேன். எல்லாரும் சுடுவதைப் பார்க்க, நான் இடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விதவிதமான பவுச்சுகள், பல ஸ்க்ரூ தலைகளில் வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு, அந்தக் கோடு பிளாஸ்டிக்கின் மேலும் தொடர்ந்தது. நாங்கள் டையில் போல்ட் நகர்ந்ததா என்று பார்க்கப் போடும் அதே கோடு! நாம் படும் பாட்டை உலகத் தரத்தில் சுடுகிறவர்களும் படுகிறார்கள் என்று தெரிந்ததில் கொஞ்சம் ஆறுதல், இத்தனை பேர் பட்டும் இதை மாற்ற எவரும் நினைக்கவில்லையே என்று நிறையக் கோபம்.

கடைசியில் தீர்வு ஓசூரில், பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள ஒரு ஹார்டுவேர் கடையில் கிடைத்தது. பவுச்சோடு வரும் நட் மெல்லிய சதுர நட். பிளாஸ்டிக் குழிக்குள் உட்காரும். அதற்குப் பதிலாக M4 நைலாக் நட், உள்ளே நைலான் வளையம் உள்ளது, போட்டால் ஸ்க்ரூ தானாகச் சுழலாது. இரண்டும் 7 மி.மீ. அகலம்தான் என்றாலும் நைலாக் அறுகோணம் என்பதால் மூலைகள் இடிக்கும்; ஊசி அரத்தால் குழியின் ஒரு பக்கத்தை மட்டும் ஒரு மில்லிமீட்டர் அகலப்படுத்த வேண்டும். நட்டின் உயரமும் அதிகம் என்பதால் 20 மி.மீ. ஸ்க்ரூவை 25 மி.மீ. ஆக மாற்ற வேண்டும். நான்கு பவுச்சுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆனது. செலவு ஒரு டீ, இரண்டு போண்டா அளவுக்குக்கூட வரவில்லை. அதன் பிறகு போட்ட கோடு எதுவும் நகரவில்லை. பிளாஸ்டிக் தானே அழுத்தத்தில் மெல்ல இளகிக் கொடுக்கும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை கால் சுற்று மட்டும் கூட்ட வேண்டியிருக்கிறது. அந்த அளவு தளர்ச்சியை நான் மன்னித்துவிட்டேன்.

விற்கும்போதே அந்த நட்டைப் போட்டுத் தருவதற்கு என்ன கேடு என்ற கேள்வியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றபடி அந்தப் பவுச்சை எதில் குறை சொல்வது? மழையில் நனைந்தது, மண்ணில் புரண்டது, குளோக் போய் சி.இசட். வந்தபோது அதே ஸ்க்ரூவைத் திருகி, உள்ளே ஒரு ரப்பர் துண்டை மாற்றியதும் புது மேகசினையும் வாங்கிக்கொண்டது. எனவே தம்பிக்கு என் பதில்: குறையே இல்லாத அந்த ஹோல்ஸ்டரை இப்போது வாங்க வேண்டாம், ஆறு ஆண்டு என் உயிரை வாங்கிய அந்தப் பவுச்சில் நான்கு வாங்கிவிடு. எனக்கும் கறுப்பில் ஒன்று சேர்த்து வாங்கு.

ஊருக்கு வரும்போது பெல்ட்டைச் செக்-இன் பெட்டியில் வை, அதற்கு முன் நான்கு பவுச்சையும் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டு. ஒரே ஒரு தோட்டா அடியில் ஒட்டிக்கொண்டு வந்தாலும் இங்கே ஆயுதச் சட்டப்படி வழக்குத்தான். மேகசின், காலித் தோட்டா, எதையும் நினைவுப் பொருளாக எடுத்து வராதே. ஆடி கழித்து நான் அங்கே வருகிறேன். எட்டு நைலாக் நட்டும் 25 மி.மீ. ஸ்க்ரூக்களும் ஊசி அரமும் எடுத்து வருவேன். அதுவரை 3 மி.மீ. ஆலன் கீ ஒன்று சட்டைப் பையிலேயே இருக்கட்டும், நீலப் பசைப் பக்கம் போகாதே.