வீடியோ காலிங் பெல்லைக் கையால் மூடிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

நாங்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். எனக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர இரவு எட்டாகிவிடும். மனைவி நர்ஸ், ஷிப்ட் மாறி மாறி வரும். பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. பெல் அடித்தால் பின்னறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் சிலிண்டர்காரர் போய்விடுவார். சில நாள் சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளத்துக்காரர்கள் அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று பெல் அடிப்பார்கள். அவர்கள் பேசுவது அம்மாவுக்குப் புரியாது, யாரோ என்னவோ என்று பயந்து போன் செய்வார்.

வீட்டில் 2021இல் போட்ட நான்கு கேமரா இருக்கிறது. பழைய வகைதான்: ஒயர் கேமரா, படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, அதன் உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க். அம்மா அறை டிவியிலும் அதன் படம் வரும். இதோடு ஒரு வீடியோ காலிங் பெல்லும் சேர்ந்துவிட்டால் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே யார் வந்தார்கள் என்று பார்க்கலாம், நானும் கம்பெனியிலிருந்து போனில் பேசி அனுப்பிவிடலாம், பதிவும் ஒரே டிவிஆரில் இருக்கும். இவ்வளவுதான் நான் கேட்டது.

ஏப்ரல் கடைசியில் ஊருக்குள் ஒரு சிசிடிவி கடையில் விசாரித்தேன். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. கடைக்காரர் என் டிவிஆர் என்ன மாடல் என்றுகூடக் கேட்கவில்லை. "எல்லாம் சேரும் சார், ஒரு சேனல் எடுத்துக்கும், அவ்வளவுதான்" என்றார். சேனல் என்றால் டிவிஆரில் ஒரு கேமராவுக்கான இடம். பெல்லுக்கு 9,500, டிவிஆரில் சேர்க்க 'லைசென்ஸ்' 3,000, வேலைக்கூலி 2,000, ஆக மொத்தம் 14,500 ரூபாய். பில் கேட்டேன். பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி, எதற்கு வீண் செலவு என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அந்த 2,610 ரூபாயை மிச்சப்படுத்தப் போய்ப் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் ஆள் வந்தார். முதல் வேலையாகப் பழைய காலிங் பெல் சுவிட்சைக் கழற்றி, அந்த ஒயரையே புது பெல்லின் பின்பக்கத் திருகில் மாட்டப் போனார். பக்கத்து வீட்டு அண்ணன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "தம்பி, அதுல கை வெக்காத, 230 வருது!" என்று கத்தினார். நல்லவேளை. நம் ஊர் வீடுகளில் காலிங் பெல் சுவிட்சுக்கு வருவது பெரும்பாலும் நேர் 230 வோல்ட் லைன். இந்த வீடியோ பெல்களில் பல, அமெரிக்க வீடுகளில் இருப்பதுபோல டிரான்ஸ்பார்மர் வழியாக வரும் 16 முதல் 24 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நேராகக் கொடுத்தால் பெல் கருகிவிடும். ஈரக் கையோடு அழுத்துகிறவருக்கு என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு இப்போதும் பதறுகிறது. வேலைக்கு வந்த ஆளுக்கு இது தெரியவில்லை. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். "அப்போ பேட்டரியிலயே ஓடட்டும் சார்" என்று அவர் சொன்னதும் விட்டுவிட்டேன்.

அப்புறம் பின்பக்கக் கேமராவைப் பார்த்துவிட்டு, தண்ணீர் இறங்கி போர்டு போய்விட்டது, சர்வீசுக்கு எடுத்துப் போகிறேன் என்றார். முதல் நாள் வரை அதில் படம் தெளிவாக வந்துகொண்டிருந்தது. ஆனாலும் மழைக்கும் வெயிலுக்கும் நான்கு வருஷம் நின்ற கேமராவாயிற்றே என்று நம்பினேன். அன்று நான் மதியத்துக்கு மேல் வேலைக்குக் கிளம்பிய பிறகு வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார். இரவு வந்து பார்த்தால் டிவியில் நான்காவது கட்டத்தில் 'டோர் பெல்' என்று பெயரோடு முன்வாசல் படம் ஓடுகிறது. போனிலும் பெல் அடிக்கிறது, பேச முடிகிறது. திருப்தியாக ஜிபேயில் பணம் அனுப்பினேன்.

அம்மாதான் கண்டுபிடித்தார். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டில் இருந்தேன். கொரியர் பையன் வந்து பெல்லை அழுத்தினான். இந்த பெல்லை அழுத்தினால் பட்டனைச் சுற்றி நீல வளையம் ஒன்று எரியும். டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏம்பா, பெல்லுக்குள்ள இருக்கற கண்ணுலதான இந்தப் படம் வருது? அதுல பெல்லே எப்பிடித் தெரியுது?" என்று கேட்டார்.

எழுந்து பார்த்தேன். நான்காவது கட்டத்தின் கீழ் ஓரத்தில், கிரில் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில், கறுப்புப் பெட்டியும் அதில் அணையப் போகிற நீல வளையமும் தெளிவாகத் தெரிந்தன. மூன்று வாரமாக தினமும் பார்த்த படம், எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்டூல் போட்டு ஏறினேன். போர்ட்டிகோ மூலையில், சீலிங்கை ஒட்டி ஒரு கேமரா. முன்பு அங்கே கேமரா கிடையாது. அதன் வெள்ளை மூடியில் பச்சை பெயின்ட் தெறித்த புள்ளிகள் இரண்டு. போன பொங்கலுக்குப் பின்சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது தெறித்தவை, நானே துடைக்கப் பார்த்து விட்டுவிட்டவை. 'போர்டு போன' எங்கள் பின்பக்கக் கேமராவேதான் அது. அதைக் கழற்றி முன்னால் மாட்டி, அதே சேனலுக்கு 'டோர் பெல்' என்று பெயர் மாற்றியிருக்கிறார். பெல் டிவிஆரில் சேரவே இல்லை, அது தனியாக வைபையில், போன் ஆப்பில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போர்வெல் மோட்டாரும் சந்துப் பக்கம் திறக்கும் பின்கதவும் இருக்கும் பக்கத்துக்கு 23 நாள் பதிவே கிடையாது. அம்மா தனியாக இருக்கும் வீடு. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உண்மையில் அவர் மாட்டிய பெல் எந்த டிவிஆரிலும் சேரக்கூடிய ரகமே இல்லை. பேட்டரி பெல்கள் சார்ஜை மிச்சப்படுத்த எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். யாராவது வந்தால் அல்லது அழுத்தினால் மட்டும் விழித்துச் சில விநாடி பதிவு செய்யும். டிவிஆருக்கோ நாள் முழுக்க விடாமல் படம் வர வேண்டும். அதோடு எங்கள் போர்ட்டிகோ மேற்குப் பார்த்தது. பெட்டியில் 45 டிகிரி வெப்பம் வரைதான் தாங்கும் என்று போட்டிருந்தது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் மாலை வெயில் நேராக அடித்த நாட்களில் நாலு மணிக்கு மேல் பெல் தானாக அணைந்துபோனது. நெட்வொர்க் பிரச்சினை என்று சொல்லிச் சமாளித்தார்கள். அதே மாடல் ஆன்லைனில் 5,200 ரூபாய். 3,000 ரூபாய் 'லைசென்ஸ்' என்று எதுவும் கிடையாது. வீட்டு டிவிஆரில் ஒரு கேமரா சேர்க்க யாருக்கும் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

கடைக்காரருக்குப் போன் செய்து கேட்டேன். முதலில் மழுப்பினார், பிறகு சத்தம் போட்டார், பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார். அதற்குள் இன்னொன்று தெரிந்தது. பெல்லை அவர் தன் போன் நம்பரில் பதிவு செய்து, எனக்கு வெறுமனே 'ஷேர்' கொடுத்திருந்தார். ஆப்பில் உரிமையாளர் அவர். என் வீட்டு வாசலில் யார் வருகிறார்கள், அம்மா கதவைத் திறந்து என்ன பேசுகிறார், எல்லாவற்றையும் அவரால் கடையில் உட்கார்ந்தே பார்க்க முடியும், கேட்க முடியும். அவர் தன் கணக்கிலிருந்து நீக்காமல் என்னால் என் பெயருக்கு மாற்ற முடியாது. கம்பெனி வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால், சீரியல் நம்பர் போட்ட பில் அனுப்புங்கள், நாங்களே நீக்கித் தருகிறோம் என்றார்கள். பில்தான் என்னிடம் இல்லையே. வாட்ஸ்அப்பில் கேட்டால், நீக்கித் தர 2,000 ரூபாய் வேண்டும் என்றார் கடைக்காரர். அன்றே பெல்லைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார், பணம் எதுவும் கேட்கவில்லை. டிவிஆர் பாஸ்வேர்டையும் அன்றிரவே மாற்றினேன். உங்கள் வீட்டில் கேமரா போட்ட ஆள் வைத்த பாஸ்வேர்டே இன்னும் இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

நான் கேட்டது முடியாத காரியமும் இல்லை. காட்பாடியில் நெட்வொர்க் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வந்து டிவிஆரைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தார். ஒயர் கேமராவோடு, நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் ஐபி கேமராவும் எடுக்கும் ஹைப்ரிட் வகை. நான்கு ஒயர் கேமராவுக்கு மேல் ஒரு ஐபி கேமரா சேர்க்க அதிலேயே இடம் இருந்தது, சேனல் எதையும் பறிக்க வேண்டியதே இல்லை. பழைய டிவிஆர்களில் இந்த வசதி இல்லாமலும் இருக்கும், அதனால் கடைக்குப் போகும் முன் அந்த லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெல் ஆன்விஃப் (ONVIF) அல்லது ஆர்டிஎஸ்பி (RTSP) வசதி உள்ளதாக இருக்க வேண்டும். வேறு கம்பெனி டிவிஆருக்கு இந்த வழியாகத்தான் படம் போகும். பேட்டரி பெல்களில் பெரும்பாலும் இது இருக்காது. மின்சாரமும் நெட்டும் ஒரே கேபிளில் போகும் பிஓஇ (PoE) வகை பெல்லாக வாங்கினோம். கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் ஒன்று இழுத்தால் போதும், 100 மீட்டர் வரை தாங்கும். 230 வோல்ட் பக்கமே போக வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நண்பர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: டிவிஆர் படத்தைக் காட்டும், பதிவு செய்யும். பெல் அடிப்பதும் எதிராளியோடு பேசுவதும் பெல்லின் ஆப் வழியாகத்தான். இதை அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தால் என் வேலை அன்றே முடிந்திருக்கும்.

வேலை முடிந்ததும் நண்பர் என்னை டிவி முன்னால் நிற்கச் சொல்லிவிட்டு, வெளியே போய் பெல்லின் கண்ணை உள்ளங்கையால் மூடினார். கட்டம் இருண்டது. கையை எடுத்தார், வாசல் தெரிந்தது. பிறகு அந்த ஐந்து நிமிடப் பதிவைப் பிளேபேக்கில் ஓட்டிக் காட்டினார். முதல் ஆளிடம் இந்த ஒரு சோதனையைக் கேட்டிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். நீங்கள் யாரிடம் போட்டாலும், பணம் அனுப்பும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். ஆப்பில் பதிவு உங்கள் நம்பரில், உங்கள் போனில், உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும்.

என் பணம் இன்னும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அவர்கள் கடையோடு பேசி முடிக்கப் பார்ப்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீசும் அனுப்பியிருக்கிறேன். 15 நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாத குறைக்கு ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் வைத்திருக்கிறேன். கீழ் ஓரத்தில் நீல வளையம் எரியும் அந்தப் பதிவையும் டிவிஆரிலிருந்து பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன். பின்பக்கக் கேமரா பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விட்டது.