பைக் இல்லாத எனக்கு ஒரு பைக் மழைக்கோட்டு

புறக்கோட்டையில் 3,850 ரூபா கொடுத்து வாங்கிய மழைக்கோட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற, மேலும் கீழுமாக இரண்டு துண்டு உள்ள சாமான். என்னிடம் மோட்டார் சைக்கிள் இல்லை. மரதன் ஓடுகிற தம்பிக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டிக்கொண்டு வீதியோரம் நிற்பதற்காக வாங்கினேன். கொம்பனியின் பெயர் வேண்டாம். அந்த வரிசையில் தொங்கியது எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தது.

தம்பி யாழ்ப்பாணத்தில் ஆசிரியர். ஞாயிறு விடிய நடக்கிற ஓட்டத்துக்காக வெள்ளி இரவு பஸ் எடுத்துச் சனி விடியற்காலை வெள்ளவத்தையில் வந்து இறங்கினான். அவனோடு மழையும் இறங்கியது. ஒக்டோபரில் கொழும்பு மழை வழக்கமாகப் பின்னேரம் இடியோடு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். விடியற்காலை ஓடுகிறவனுக்கு அதால் தொந்தரவில்லை. இது வேறு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், வானொலியில் மீனவர்களுக்கு எச்சரிக்கை, மரைன் டிரைவில் நின்று பார்த்தால் கடலும் வானமும் ஒரே சாம்பல். "அக்கா, நீங்கள் வீட்டிலயே நில்லுங்கோ. நான் முடிச்சுப்போட்டு ஓட்டோவில வாறன்" என்றான். சரி என்று தலையாட்டிவிட்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன்.

குடை போதாதா என்று கேட்பீர்கள். முந்திய முறை குடையோடுதான் நின்றேன். ஒரு கையில் குடை, மற்றக் கையில் போத்தல், வாழைப்பழத்தை உரிக்க மூன்றாவது கை இல்லை. கடற்காற்று ஒரு தடவை அடித்தால் குடை தாமரைப் பூவாக விரிந்துவிடும். பக்கத்தில் நின்ற ஒரு அங்கிளின் மூக்குக்கண்ணாடியை என் குடைக்கம்பி கழற்றியதும் நடந்தது.

கடைக்காரர் கோட்டை உதறி விரித்து, தையல்களின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டினார். "அக்கா, டபுள். ஒரு சொட்டு உள்ளுக்கு வராது." அவர் சொன்னது உண்மை. ஐந்து மணித்தியாலத்தில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஒரு சொட்டு வெளியே போகவும் இல்லை.

அதுதான் இதன் முதல் குறை. கொழும்பு மழையில் குளிராது, அவியும். பைக்கில் போகிறவருக்குக் கழுத்தாலும் கையாலும் காற்றுப் புகும். அவர் அரை மணித்தியாலத்தில் வீடு போய்ச் சேர்ந்தும் விடுவார். நான் விடிய நாலரைக்குப் போட்டதை முதல் தரம் கழற்றியது எட்டு மணிக்குப் பிறகு, வெள்ளவத்தை ஸ்டேஷனில். வெளியே ரப்பரில் வழிகிற மாதிரி நீர் வழிகிறது. உள்ளே சட்டை முதுகோடு ஒட்டி, பிழிந்தால் ஒரு கோப்பை வரும் போலிருந்தது. மழையில் நனைந்திருந்தால் இவ்வளவு நனைந்திருக்க மாட்டேன். பிளாட்ஃபோர்மில் கோட்டை உதறினபோது பக்கத்திலிருந்த ஐயா வாய் திறக்காமல் வாங்கிலின் மறுமுனைக்கு நகர்ந்தார்.

இரண்டாவது குறைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தொப்பி. தலையைத் திருப்பினால் தொப்பி திரும்பாது. நீங்கள் வலப்பக்கம் பார்ப்பதாக நினைக்கிறீர்கள், பார்ப்பது தொப்பியின் உட்பக்கத்தை. அதோடு காதுக்கு மேல் விழுகிற மழை, தகரக் கொட்டகைக்குள் இருக்கிற மாதிரிச் சத்தம் போடுகிறது. ஓட்டம் காலி வீதியால் போய்த் திரும்பி வருவதால் ஒரே இடத்தில் நின்றால் தம்பியை இரண்டு தரம் காணலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். முதல் தரம் பதினோராம் கிலோமீற்றர் அளவில். ஜீவனி என்கிற உப்புச்சீனித் தூள் ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, சின்னப் போத்தலில் ஊற்றி, மூடியைத் தளர்த்தி, கையை நீட்டினபடிதான் நின்றேன். அவன் எனக்குப் பின்னால், வீதியின் மற்ற ஓரத்தால் போய்விட்டான். "அக்கா! அக்கா!" என்று கத்தினானாம். யாரோ ஒரு பிள்ளை என் முழங்கையைத் தட்டிக் காட்டியபோது அவனுடைய முதுகு மட்டும் தெரிந்தது.

அவன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. கோட்டின் நிறம் கடும் நீலம். அன்று வீதியோரம் நின்றவர்களில் பாதிப் பேர் கடும் நீலம், மிச்சம் கறுப்பு. கண்ணுக்குள் மழை அடிக்க ஓடுகிறவன் எந்த நீலத்தை அக்கா என்று கண்டுபிடிப்பான்? முதுகில் ஒரு வெள்ளிப்பட்டி மினுங்கும்தான், ஆனால் நான் அவனைப் பார்த்துக்கொண்டல்லவா நிற்கிறேன். கடையில் மஞ்சள் நிறமும் தொங்கியது. அழுக்குப் பிடிக்கும் என்று விட்டேன். மஞ்சளை வாங்குங்கள்.

இரண்டாவது தரத்துக்கு நான் இரண்டு வேலை செய்தேன். வீட்டுக்கு ஓடிப்போய் மகனுடைய கிரிக்கெட் தொப்பியைத் தலையில் போட்டு அதற்கு மேல் கோட்டின் தொப்பியை இழுத்தேன். முன்விளிம்பு பிடித்துக்கொள்வதால் இப்போது தலையோடு சேர்ந்து அதுவும் திரும்பியது. மணிக்கட்டில் ஒரு சிவப்பு சொப்பின் பையைக் கட்டினேன். தூரத்திலேயே கண்டுவிட்டான். போத்தலை வாங்கி நாலு மிடறு குடித்தான், இதரை வாழைப்பழத்தைப் பாதியோடு திருப்பித் தந்தான், "சப்பாத்துக்குள்ள குளம்" என்று சொல்லிவிட்டுப் போனான். நடுவில் ஒருமுறை மின்னி, முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டதால் ஒரு புடைவைக்கடை விறாந்தைக்குள் ஒதுங்கினோம். ஒலி மூன்று செக்கனில் ஒரு கிலோமீற்றர் வரும். முப்பதுக்குள் கேட்டால் இடி பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது. வெளியே நிற்கக் கூடாது. ஓடுகிறவர்களை யார் ஒதுங்கச் சொல்வது என்றுதான் அந்த நேரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

காற்சட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிற்கிறவருக்கு அது தேவையே இல்லை. கழிவறைக்குப் போக வேண்டி வந்தால் தெரியும் அதன் அருமை. அரை மணித்தியாலத்தில் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இனி நல்லதைச் சொல்கிறேன். காலி வீதி மூடியிருந்ததால் வெள்ளவத்தையில் ரயில் பிடித்துக் கொம்பனித்தெருவில் இறங்கிக் காலிமுகத்திடலுக்கு நடந்தேன். முடிவுக்கோடு அங்கேதான். எக்ஸ்.எல். எடுத்திருந்ததால் முதுகுப்பையை உள்ளே கொழுவிக்கொண்டு மேலால் கோட்டைப் பூட்ட முடிந்தது. இரண்டு துவாய், ஒரு சாரம், ஒரு ரீசேட், பாட்டா செருப்பு, கொத்தமல்லி போட்ட சுடுதண்ணீர்ப் பிளாஸ்க், எல்லாம் பொருக்கெனக் காய்ந்தபடி வந்து சேர்ந்தன. அன்று காலிமுகத்திடலில் காய்ந்த துவாய் வைத்திருந்த ஆள் நானாகத்தான் இருக்கும்.

தம்பி நாலு மணித்தியாலம் ஐம்பது நிமிடத்தில் வந்தான். முடிவுக்கோட்டைத் தாண்டி, பதக்கத்தை வாங்கி, சிரித்து, என்னைக் கண்டு கை காட்டி, ஐந்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கினான். பல் அடித்துக்கொள்கிற நடுக்கம். உதடு வெளிறிவிட்டது. ஓடும்வரை தசை வேலை செய்து சூடு கொடுத்துக்கொண்டிருக்கும். நின்றதும் அந்த அடுப்பு அணைந்துவிடும். ஈரப் பனியனும் கடற்காற்றும் இருக்கிற சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போகும். கொழும்பில் யார் குளிரில் நடுங்குவார்கள் என்று நானும் முதல் நாள்வரை நினைத்தவள்தான்.

என் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினேன். அங்கே நின்ற முதலுதவித் தொண்டர், ஒரு சின்னப் பெண், சிங்களத்தில் என்னைப் பேசினாள்: முதலில் அந்த ஈரத்தைக் கழற்றுங்கள் அன்ரி, ஈரத்துக்கு மேல் மூடி என்ன பிரயோசனம்? சரிதான். பனியனை உரித்தோம். நெஞ்சில் இரண்டு இடத்தில் உரசி இரத்தம் கசிந்திருந்தது. வசலினை அங்கே பூச மறந்துவிட்டானாம். துவாயால் அழுத்தித் துடைத்து, ரீசேட், சாரம், மற்றத் துவாயைக் கழுத்தைச் சுற்றி, அதற்கு மேல் கோட்டு. சிப்பை மேலே வரை இழுத்தேன்.

என்னை அவித்த அதே கோட்டு. காற்றுப் போகாது, சூடு போகாது. காற்சட்டையைப் புல்லில் விரித்து அதில் உட்கார வைத்தேன், அதற்கும் ஒரு வேலை கிடைத்தது. பிளாஸ்க் மூடியில் கொத்தமல்லியை ஊற்றிக் கொடுத்தால் பாதி மடியில் சிந்தியது. இரண்டாவது மூடிக்குக் கை உறுதியாகிவிட்டது. கால் மணித்தியாலத்தில் உதட்டுக்கு நிறம் வந்து, "அக்கா, இதுக்குள்ள சரியா வேர்க்குது" என்று முறைப்பாடு செய்தான். ஓம், எனக்குத் தெரியும் என்றேன்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு. உங்கள் அளவைவிட ஒரு அளவு பெரிதாக எடுங்கள். கடலோரம் நின்றால் வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கப் போடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் உட்பூச்சு ஒன்றோடொன்று ஒட்டி உரிந்து வரும். எங்கள் வீட்டுப் பழைய கோட்டு ஒன்று அப்படித்தான் போனது. வீதியோரம் நிற்க மட்டும் என்றால் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். முடிவுக்கோட்டில் ஒருவரைப் போர்த்த என்றால் ஐந்தும்.

திங்கள் இரவு பஸ்ஸுக்கு வெளிக்கிடும்போது பல்கனியில் காய்ந்த கோட்டைத் தம்பி எடுத்து மடித்தான். "மாரிக்கு உதவும் அக்கா, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில போகேக்க." காற்சட்டை என்னிடம்தான் இருக்கிறது. எக்ஸ்.எல்., கடும் நீலம், ஒருமுறை உட்கார்ந்தது.